மூச்சு முன்கூட்டியே உணர்த்துமா?

நம் நாட்டில் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயால் அவதியுறுவோர் 1990ஆம் ஆண்டில் ஏறத்தாழ 2.81 கோடிப் பேர். 2016ஆம் ஆண்டில் இத்தொகை 5.53 கோடியாக உயர்ந்தது. மாநில வாரியாக நோய்ச்சுமையை ஆராய்ந்து 2018இல் வெளியிடப்பட்ட ஆய்வு இந்தப் புள்ளிவிவரங்களைத் தருகிறது. உலக மக்கள் தொகையில் 18 சதவீதத்தைக் கொண்ட இந்தியா, நாட்பட்ட சுவாச நோய்களால் உலகம் இழக்கும் நலமான வாழ்நாட்களில் 32 சதவீதத்தை இழக்கிறது என்பதும் அந்த ஆய்வின் முடிவு. உலக அளவில் 2021ஆம் ஆண்டில் மட்டும் இந்த நோய் சுமார் 35 லட்சம் உயிர்களைக் கொண்டு சென்றது.

புகையும் தூசியும் பல ஆண்டுகள் படிந்து மூச்சுக் குழாய்கள் சுருங்குவதும், நுண்ணிய காற்றறைகள் சிதைவதும் இந்நோயின் இயல்பு. சிதைந்த பகுதியைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் மருந்து இல்லை. எனினும் நோயாளியின் ஆயுளையும் குடும்பத்தின் பொருளாதாரத்தையும் பெரிதும் குலைப்பது அன்றாடத் திணறலைக் காட்டிலும், இடையிடையே நோய் திடீரெனத் தீவிரமடைவதே ஆகும். இந்தத் தீவிரத்தைச் சில நாட்களுக்கு முன்னரே அறிய இயலுமா, அதற்கு நோயாளி வெளிவிடும் மூச்சே துணைசெய்யுமா என்னும் வினாக்களுக்கு விஞ்ஞானிகள் விடை தேடி வருகின்றனர். இம்முயற்சி எந்த அளவில் உள்ளது, நம் நாட்டுச் சூழலில் அதனால் விளையக்கூடிய பயன் யாது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

தீவிரமும் தாமதமும்

மூச்சுத்திணறல், இருமல், சளி ஆகியவை 14 நாட்களுக்குள் வழக்கத்தை மீறி அதிகரிக்குமானால் நோய் தீவிரமடைந்துவிட்டதாக மருத்துவர்கள் கருதுகின்றனர். சளிக்காய்ச்சல் போன்ற வைரஸ் தொற்றுகள், பாக்டீரியாத் தொற்றுகள், காற்றில் மாசு மிகுதல் ஆகியன இதற்கான முக்கியக் காரணங்கள். ஒவ்வொரு தீவிரமும் நுரையீரலின் ஆற்றலைக் குறைக்கிறது. அடுத்த தீவிரத்திற்கும் வழி திறக்கிறது. லண்டனில் நடத்தப்பட்டு 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில், தீவிரமடைந்த நிகழ்வுகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கில் 35 நாட்கள் கழிந்த பின்னரும் மூச்சின் வேகம் பழைய நிலையை எட்டவில்லை.

சிகிச்சையை எப்போது தொடங்குகிறோம் என்பது இங்கு மிகவும் முக்கியம். 2004இல் வெளியான மற்றொரு லண்டன் ஆய்வு 128 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தது. அறிகுறி தோன்றிய பின் சிகிச்சை ஒரு நாள் தாமதமானால், குணமடைய ஏறத்தாழ 0.4 நாள் கூடுதலாகத் தேவைப்பட்டது என அது கணக்கிட்டது. அறிகுறிகளை மருத்துவரிடம் தெரிவிக்காமலே இருந்துவிடுவோர் மருத்துவமனையில் சேர நேரிடும் வாய்ப்பும் அதிகமாக இருந்தது. ஐந்து நாட்கள் பொறுத்துப் பார்க்கலாம் என்று இருந்துவிடும் கூலித் தொழிலாளி ஒருவர், அந்த ஐந்து நாட்களோடு மேலும் இரண்டு நாட்களின் உழைப்பையும் இழக்கிறார் என்று இதனைப் புரிந்துகொள்ளலாம்.

நோயாளி தம் உடலில் மாற்றத்தை உணர்வதற்கும், நோய் உண்மையில் கிளரத் தொடங்குவதற்கும் இடையே சில நாட்கள் கழிவது உண்டு. அழற்சி நுரையீரலுக்குள் மெல்ல வலுக்கும் இக்காலத்தில் ஸ்பைரோமீட்டர் போன்ற ஊதுகருவிகள் காட்டும் மாற்றம் மிகச் சிறிதே. இந்த இடைவெளியில் நுரையீரலின் செய்தியை வெளியே கொண்டுவரக்கூடிய தூதன் மூச்சுக்காற்று என்பதே ஆராய்ச்சியாளர்களின் நம்பிக்கைக்கு அடிப்படை.

மூச்சில் அடங்கியவை

நாம் வெளிவிடும் காற்றில் பெரும்பகுதி நைட்ரஜன். சுமார் 16 சதவீதம் ஆக்சிஜன், 4 முதல் 5 சதவீதம் கரியமில வாயு, அத்துடன் நீராவி. இவை போக, மிக நுண்ணிய அளவில் நூற்றுக்கணக்கான பொருட்களும் அதில் கலந்துள்ளன. 1971ஆம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானி லைனஸ் பாலிங்கும் அவருடைய குழுவினரும் மூச்சைக் குளிர்வித்துச் சேகரித்து, வாயு வண்ணப்பிரிகை முறையில் பகுத்தபோது ஏறத்தாழ 250 பொருட்களின் தடயங்களைக் கண்டனர். இன்றைய மூச்சு ஆராய்ச்சிக்கு அதுவே தொடக்கம் எனலாம்.

இப்பொருட்கள் எவ்வாறு மூச்சில் சேர்கின்றன? இரத்தத்தில் கரைந்துள்ள ஆவியாகும் சேர்மங்கள் நுரையீரலின் மெல்லிய சுவரைக் கடந்து காற்றில் கலக்கின்றன. உடல் கொழுப்பை எரிக்கும்போது அசிட்டோன் மிகுவது இதற்கு எடுத்துக்காட்டு. அழற்சி கண்ட செல்களில் ஆக்சிஜனேற்றம் அளவு மீறும்போது செல்லுறையின் கொழுப்புகள் சிதைந்து ஈத்தேன், பென்ட்டேன் முதலிய வாயுக்கள் தோன்றுகின்றன. மூச்சுக் குழாயின் சுவரே நைட்ரிக் ஆக்சைடை உண்டாக்குகிறது. உடலின் நிலையை அளவிட்டுக் காட்டும் இத்தகைய பொருட்களை உயிரியல் குறிகாட்டிகள் என்பர். விலைவாசியின் போக்கை ஒரு குறியீட்டெண் காட்டுவது போல், நுரையீரலின் போக்கை இவை காட்டுகின்றன.

மூச்சைச் சோதித்து முடிவு காண்பது மருத்துவத்திற்கும் நிர்வாகத்திற்கும் புதிதன்று. மது அருந்திய ஓட்டுநரைப் போக்குவரத்துக் காவலர் ஊதச் செய்வதும், இரைப்பையில் ஹெலிகோபேக்டர் கிருமி உள்ளதா என்பதை யூரியா மூச்சுச் சோதனையால் அறிவதும் நடைமுறையில் உள்ளவையே. இவ்விரண்டிலும் தேடப்படும் பொருள் ஒன்றே. அது எங்கிருந்து வருகிறது என்பதும் தெளிவு. நுரையீரல் அடைப்பு நோயிலோ நிலைமை அவ்வளவு எளிதன்று.

நைட்ரிக் ஆக்சைடு தரும் பாடம்

மூச்சில் நைட்ரிக் ஆக்சைடு இருப்பது 1991இல் கண்டறியப்பட்டது. ஆஸ்துமா நோயாளிகளின் மூச்சில் அது மிகுந்திருப்பதை 1993இல் சுவீடன் விஞ்ஞானிகள் வெளியிட்டனர். இதனை அளக்கும் கருவிக்கு 2003இல் அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது. கண்டுபிடிப்பிலிருந்து அனுமதி வரை 12 ஆண்டுகள் கடந்தன. அக்காலத்தில் செய்யப்பட வேண்டியிருந்த வேலைகளில் முக்கியமானது அளவு முறையைத் தரப்படுத்துவதாகும்.

மெதுவாக ஊதினால் நைட்ரிக் ஆக்சைடின் செறிவு கூடும். வேகமாக ஊதினால் குறையும். ஆகவே வினாடிக்கு 50 மில்லிலிட்டர் என்ற சீரான வேகத்தில் ஊத வேண்டும் என்று அமெரிக்க, ஐரோப்பிய மருத்துவச் சங்கங்கள் 2005இல் கூட்டாக வரையறுத்தன. அதன் பிறகே ஒரு மருத்துவமனையின் அளவை மற்றொன்றோடு ஒப்பிட முடிந்தது. வயது வந்தோரில் காற்றின் நூறு கோடிப் பங்கில் 25 பங்குக்குக் கீழ் இருப்பது குறைவு, 50 பங்குக்கு மேல் இருப்பது அதிகம் என்ற வழிகாட்டுதல் 2011இல் வெளியாயிற்று.

இந்த அளவு, இயோசினோபில் என்னும் வெள்ளணுக்கள் மிகுந்த அழற்சியைக் காட்டுகிறது. அத்தகைய அழற்சி ஸ்டீராய்டு மருந்துக்குக் கட்டுப்படும். ஆஸ்துமாவில் இது பயன் தருகிறது. ஆனால் நுரையீரல் அடைப்பு நோயில் எல்லாத் தீவிரங்களும் அவ்வகையைச் சார்ந்தவை அல்ல. மேலும், புகைபிடிக்கும் பழக்கமே நைட்ரிக் ஆக்சைடைக் குறைத்துவிடுகிறது. நோய்க்குக் காரணமான புகை, நோயைக் காட்டும் அளவையும் மறைத்துவிடுகிறது! ஒரே பொருளை நம்பி இந்நோயின் தீவிரத்தை முன்னறிய இயலாது என்பதே இதிலிருந்து பெறப்படும் பாடம்.

மூச்சு நீரும் மின்னணு மூக்கும்

எனவே வேறு இரு வழிகள் ஆராயப்பட்டன. முதலாவது, மூச்சின் ஈரத்தைக் குளிர்ந்த குழாயில் செலுத்தி நீராகச் சேகரித்துச் சோதிப்பது. இந்த நீரில் ஹைட்ரஜன் பெராக்சைடு நோயாளிகளிடம் மிகுந்திருப்பதையும், தீவிரத்தின்போது அது மேலும் உயர்வதையும் நெதர்லாந்து மருத்துவர்கள் 1996இல் எடுத்துக்காட்டினர். ஆயின் அதன் அளவு மிகச் சிறிது. எச்சில் கலந்தாலும், சேகரிக்கும் முறை சிறிது மாறினாலும் முடிவு வேறுபடும். ஆகவே இம்முறை ஆய்வுக்கூடத்தை விட்டு அன்றாட மருத்துவத்திற்கு இன்னும் வந்து சேரவில்லை.

இரண்டாவது வழி, தனித்தனிப் பொருட்களைத் தேடாமல் மூச்சின் முழுக் கோலத்தையும் பதிவு செய்வது. 1982இல் இங்கிலாந்தின் வார்விக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிருஷ்ண பெர்சாட், ஜார்ஜ் டாட் ஆகிய இருவரும் மின்னணு மூக்கு என்னும் கருத்தைச் செயலில் காட்டினர். பல உணர்விகள் ஒவ்வொன்றும் பல வாயுக்களுக்குச் சற்றே வெவ்வேறாக வினைபுரிகின்றன. அவற்றின் மொத்த விடையைக் கணிப்பொறி ஒரு கோலமாகப் படிக்கிறது. மல்லிகையின் மணத்தை அதன் வேதிப்பொருட்களின் பட்டியல் தெரியாமலே நாம் அறிந்துகொள்வதை இதற்கு ஒப்பிடலாம்.

நோய் அமைதியாக இருந்தபோதும், தீவிரமடைந்தபோதும், மீண்ட பின்பும் அதே நோயாளிகளின் மூச்சை ஒப்பிட்ட நெதர்லாந்து ஆய்வொன்று 2019இல் வெளியாயிற்று. தீவிரத்தின்போது மூச்சின் கோலம் மாறுவதை அது காட்டியது. ஊக்கம் தரும் முடிவுதான். எனினும் தீவிரத்தின்போது மாற்றம் தெரிவது வேறு. தீவிரத்திற்கு முன் தெரிவது வேறு. நோயாளியே இருமித் திணறும் வேளையில் அதைக் கருவியும் சொல்வதால் பெரும் பயன் இல்லை. முன்னறிதலை நிறுவ, நோயாளிகள் தத்தம் வீட்டில் நாள்தோறும் அல்லது வாரந்தோறும் ஊதிய பதிவுகள் பல மாதங்களுக்குத் திரட்டப்பட வேண்டும்.

எண்கள் கூறும் எச்சரிக்கை

முன்னறியும் சோதனை ஒன்றை மதிப்பிடுவதில் ஒரு கணக்கை நிர்வாகிகள் மனத்தில் கொள்வது நலம். இது விளக்கத்திற்காகக் கொள்ளும் கற்பனைக் கணக்கே. ஒரு மாவட்டத்தில் 1000 நோயாளிகள் கண்காணிப்பில் உள்ளனர் என்றும், ஒரு வாரத்தில் அவர்களுள் 20 பேருக்கு நோய் தீவிரமடையும் என்றும் கொள்வோம். நமது மூச்சுச் சோதனை, தீவிரமடையப் போகும் நூற்றுவரில் 90 பேரைச் சரியாக இனங்காண்கிறது. தீவிரமடையாத நூற்றுவரில் 10 பேருக்கு மட்டும் தவறாக எச்சரிக்கை தருகிறது. கேட்பதற்கு இது மிகச் சிறந்த சோதனை.

ஆனால் அந்த வாரத்தில் நிகழ்வது என்ன? 20 பேரில் 18 பேருக்குச் சரியான எச்சரிக்கை கிடைக்கும். எஞ்சிய 980 பேரில் 98 பேருக்குத் தவறான எச்சரிக்கை கிடைக்கும். ஆக 116 எச்சரிக்கைகளில் 18 மட்டுமே மெய். ஒவ்வோர் எச்சரிக்கைக்கும் ஸ்டீராய்டும் நுண்ணுயிர்க் கொல்லியும் கொடுத்தால், நோயற்ற நாட்களிலும் நூற்றுக்கணக்கானோர் மருந்துண்ண நேரிடும். ஸ்டீராய்டு இரத்தச் சர்க்கரையை உயர்த்தும். எலும்பை வலுவிழக்கச் செய்யும். நுண்ணுயிர்க் கொல்லிகளை வீணாக வழங்கினால் மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகள் பெருகும். மருந்தே கொடுக்காவிட்டாலும், ஆறு முறை வீணே அலைக்கழிக்கப்பட்ட நோயாளி ஏழாவது எச்சரிக்கையைப் பொருட்படுத்துவாரா?

இதற்குத் தீர்வும் அதே கணக்கில் உள்ளது. அடிக்கடி தீவிரமடைவோரை மட்டும் தேர்ந்து சோதித்தால் நிலைமை மாறுகிறது. 1000 பேரில் வாரத்திற்கு 60 பேருக்குத் தீவிரமடையும் பிரிவை எடுத்துக்கொண்டால், சரியான எச்சரிக்கை 54, தவறானவை 94. மூன்றில் ஒன்றுக்கு மேற்பட்டவை மெய்யாகின்றன. அத்தகையோரை இனங்காண்பது எவ்வாறு? 2138 நோயாளிகளை ஆராய்ந்து 2010இல் வெளியான பன்னாட்டு ஆய்வு இதற்கு எளிய விடை தந்தது. எதிர்காலத் தீவிரத்தை உணர்த்துவதில் முதலிடம் பெறுவது கடந்த காலத்தில் ஏற்பட்ட தீவிரங்களே என்று அது கண்டது. சென்ற ஆண்டில் எத்தனை முறை நோய் முற்றியது என்ற வினாவுக்குச் செலவு ஏதுமில்லை. மூச்சுச் சோதனை அந்த வினாவின் இடத்தைப் பிடிக்க வேண்டியதில்லை. அதற்கு மேலும் எதைச் சொல்கிறது என்பதைக் கொண்டே அதனை மதிப்பிட வேண்டும்.

மேலும், ஒருவரின் மூச்சை மற்றவரின் மூச்சோடு ஒப்பிடுவதைவிட, அவருடைய நலமான நாட்களின் மூச்சோடு ஒப்பிடுவதே பொருத்தம். உணவும் வயதும் பழக்கமும் ஆளுக்கு ஆள் வேறுபடும். ஒருவரின் வழக்கமான அளவு தெரிந்திருந்தால், அதிலிருந்து விலகுவதே எச்சரிக்கையாக அமையும்.

நம் நாட்டின் தனித்தன்மை

மேலைநாடுகளில் நடந்த ஆய்வுகளில் பங்கேற்றோர் பெரும்பாலும் சிகரெட் புகைத்தவர்கள். நம் நாட்டு நிலை வேறு. 2016ஆம் ஆண்டின் கணக்குப்படி, இந்தியாவில் இந்நோயால் இழக்கப்படும் நலமான வாழ்நாட்களில் 53.7 சதவீதம் காற்று மாசினால் விளைந்தது. புகையிலையின் பங்கு 25.4 சதவீதம், தொழிலிடத் தூசி, புகை முதலியவற்றின் பங்கு 16.5 சதவீதம். வாழ்நாளில் ஒருமுறையும் புகைக்காத பெண்கள் விறகடுப்பின் முன் அமர்ந்தே இந்நோய்க்கு ஆளாகின்றனர். சமையல் எரிவாயு இணைப்பு வழங்கும் உஜ்வலா திட்டம் 2016 மே 1 அன்று தொடங்கப்பட்டது. எனினும் 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்போது தூய எரிபொருளில் சமைத்த குடும்பங்கள் 58.6 சதவீதமே.

இதனால் மூச்சு ஆராய்ச்சிக்கு இரு இடர்ப்பாடுகள் எழுகின்றன. ஒருவர் காலையில் சுவாசித்த அடுப்புப் புகையின் பென்சீன் போன்ற பொருட்கள் சற்று நேரம் கழித்து அவர் மூச்சிலேயே வெளிப்படும். கருவி அதனை நோயின் குறி என்று மயங்கக்கூடும். காசநோயிலிருந்து குணமடைந்தவர்களின் நுரையீரலில் எஞ்சும் பாதிப்பும் அடைப்பு நோயாக வெளிப்படுவது உண்டு. அவர்களுடைய மூச்சின் கோலம் புகைபிடித்தவரின் கோலத்தை ஒத்திருக்கும் என்று கொள்ள இடமில்லை. இவையன்றி, பருவமழைக் காலத்தின் ஈரமும் கோடை வெப்பமும் மின்னணு மூக்கின் உணர்விகளைப் பாதிக்கும். ஆகவே வேறு நாட்டில் பழக்கப்பட்ட கருவியை வாங்கி நம் மாவட்ட மருத்துவமனைகளில் வைப்பது போதாது. அது இந்திய நோயாளிகளின் மூச்சில், இந்தியப் பருவங்களில் சோதித்துச் சரிபார்க்கப்பட வேண்டும்.

எச்சரிக்கைக்குப் பின்

மணி அடித்த பின் என்ன நடக்கிறது என்பதே இறுதியில் முடிவை நிர்ணயிக்கிறது. ஸ்காட்லாந்தில் 256 நோயாளிகளின் அறிகுறிகளையும் இரத்த ஆக்சிஜன் அளவையும் அவரவர் வீட்டிலிருந்தே நாள்தோறும் தொலைவில் கண்காணித்த சோதனையின் முடிவு 2013இல் வெளியாயிற்று. நல்ல மருத்துவ வசதி ஏற்கனவே பெற்றிருந்த அவர்களிடம், கண்காணிப்பைக் கூட்டியதால் மருத்துவமனையில் சேர்வது தள்ளிப்போகவில்லை. தகவல் மட்டுமே சிகிச்சை ஆகாது என்பதற்கு இது தக்க சான்று.

நம் நாட்டில் செய்ய வேண்டியவை இதிலிருந்து தெளிவாகின்றன. முதலாவதாக, நோய் இருப்பதை உறுதிசெய்யும் ஸ்பைரோமீட்டர் சோதனை மாவட்ட, வட்ட மருத்துவமனைகளில் எளிதில் கிடைக்க வேண்டும். நோயே உறுதிசெய்யப்படாதவருக்குத் தீவிரத்தை முன்னறிவிப்பது பொருளற்றது. இரண்டாவதாக, சால்பூட்டமால், புடசோனைடு முதலிய உறிஞ்சு மருந்துகள் அத்தியாவசிய மருந்துகளின் தேசியப் பட்டியலில் உள்ளன. அவை ஆரம்ப சுகாதார நிலையங்களில் இடையறாது இருப்பில் இருக்க வேண்டும். மூன்றாவதாக, ஒவ்வொரு நோயாளிக்கும் சென்ற ஆண்டின் தீவிரங்களைக் குறித்த எளிய அட்டையும், அறிகுறி மிகுந்தால் என்ன செய்வது, எவரை அணுகுவது என்ற குறிப்பும் வழங்கப்பட வேண்டும். நான்காவதாக, தொற்றா நோய்களுக்கான தேசியத் திட்டத்தின் கீழ் கிராமங்களுக்குச் செல்லும் பணியாளர்கள் இந்த அட்டையைப் பார்த்து, அடிக்கடி தீவிரமடைவோரை இனங்காண வேண்டும்.

இந்த அடித்தளம் அமைந்த இடங்களிலேயே மூச்சு ஆராய்ச்சியும் நடைபெறலாம். அட்டையில் குறிக்கப்பட்ட தீவிரங்களும், வாரந்தோறும் சேகரித்த மூச்சும் ஒருங்கே இருந்தால்தான் எந்தக் கோலம் எத்தனை நாட்களுக்கு முன் தோன்றுகிறது என்பதை நிறுவ முடியும். மருத்துவக் கல்லூரிகளும் பொறியியல் கல்லூரிகளும் இணைந்து மேற்கொள்ளத்தக்க பணி இது. வேதியியல், மின்னணுவியல், புள்ளியியல் பயிலும் மாணவர்களுக்கு இதில் நிறைந்த வாய்ப்பு உள்ளது.

மூச்சைப் பிடித்து வைத்து நோயின் வருகையைப் படிக்கும் கலை இன்னும் முழுமை பெறவில்லை. அது முழுமை பெறும் நாளில், எச்சரிக்கை பெறும் மூதாட்டி தம் ஊரிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் மருந்தும் இருக்க வேண்டும். கருவிக்காகக் காத்திராமல் அந்த மருந்தை இன்றே அங்குக் கொண்டு சேர்ப்பது நம் கையில் உள்ளது.